நான்காவது கை

ஔலு பல்கலைக்கழகத்தின் நிலவறைப் பட்டறையில்
இருபத்தாறு வருடம் கடைசல் பிடித்தவன் நான்.
பேராசிரியர் இர்மெலி குவொப்பலா
காகிதத்தில் வரைந்து வருவாள்,
நான் உலோகத்தில் வரைந்து கொடுப்பேன்.
ஒரு மயிரிழை அதிகம் என்பாள்.
அளந்து பார்த்தால் அதிகமாகத்தான் இருக்கும்.

பிளாஸ்மா என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டேன்.
காபிக் கோப்பையை நகர்த்திவிட்டுச் சொன்னாள்:
அங்கே ஒரு மின்னூட்டத்தைத்
தனியே நிறுத்திவைக்க முடியாது, ராய்மோ.
எதிர்க்குறிகள் ஓடிவந்து சூழ்ந்துகொள்ளும்.
நாலடி தள்ளி நிற்பவருக்கு
உள்ளே ஒன்று இருப்பதே தெரியாது.
நான் தலையாட்டினேன்.
கோப்பை இருந்த இடத்தில்
நிதி மறுப்புக் கடிதம், அந்த வருடத்தின் மூன்றாவது,
அதன்மேல் பழுப்பாய் ஒரு வட்டம்.

ஒரே ராக்கெட்டுக்கு ஒன்பது வருடம்.
இரண்டு மாணவர்கள் கைபேசிக் கம்பெனிக்குப் போனார்கள்.
கணவர் தெற்கே போனார்,
இருட்டினால் ஜனங்கள் தூங்குகிற ஊருக்கு.

ஆண்டோயா ஏவுதளத்தில், பிப்ரவரியில்,
பதினேழு இரவு காத்திருந்தோம்.
காற்று நின்றால் மேகம், மேகம் விலகினால் காற்று,
இரண்டும் விட்ட அன்று துருவ ஒளி வரவில்லை.
பதினெட்டாம் இரவு
ஒரு மூலையில் பச்சை கசிந்து
வடக்கு முழுக்கக் கிழிந்து தொங்கியது.
அவள் அண்ணாந்து பார்க்கவில்லை, எண்களைப் பார்த்தாள்.
நான் அவள் முதுகைப் பார்த்தேன்.
விடுங்கள், என்றாள்.

பதினோரு நிமிடப் பயணம்.
நான்கு கைகள் விரிய வேண்டும்.
ஒன்று.
இரண்டு, மூன்று.
நான்காவதன் விளக்கு எரியவே இல்லை.
பிறகு நார்வேக் கடல்
எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.

கட்டுரையில் ஒரே வரி எழுதினாள்:
நான்காவது கை விரியவில்லை.
விரிக்கவில்லை என்று எழுதியிருக்கலாம்.
அந்தச் சின்ன ‘ய’வுக்குள்
பத்தொன்பது வருடம் ஒளிந்திருந்தேன்.
கீலுக்கு வைக்கும் குளிர்தாங்கி கிரீஸ் தீர்ந்திருந்தது.
வெள்ளிக்கிழமை மாலை.
சாதாரண டப்பாவிலிருந்து
விரல்நுனி அளவு எடுத்தேன்.

மூன்று கைகளை வைத்தே அவள் வாழ்ந்தாள்.
எட்டுக் கட்டுரைகள், ஐந்து முனைவர்கள்.
எந்த ஊர்க் கருத்தரங்கிலும்
பின்வரிசையில் ஒருவர் எழுந்து
அந்த இன்னொரு திசை என்னவாயிற்று என்பார்.
தெரியாது, என்பாள்.
தண்ணீர் குடிக்கமாட்டாள், இருமமாட்டாள்.

ஓய்வு பெற்ற அன்று நடைக்கூடத்தில் கேக்.
அறையில் காந்த நாடாக்கள் நாற்பது பெட்டி,
படிக்கும் இயந்திரம்தான் எங்குமில்லை.
பட்டறைக்கு இறங்கி வந்து
உதிரிக் கையைக் கேட்டு வாங்கி
அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

போன ஜூலை ஹைலுவோட்டோ தீவில்
அவள் குடிசைக்குப் போனேன்.
நள்ளிரவு. சூரியன்
கடலை உரசிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டிருந்தது.
உதிரிக் கையைப் பாத்தியில் நட்டிருந்தாள்.
பட்டாணிக் கொடி சுற்றி ஏறி
கீல் வரைக்கும் வந்திருந்தது.

சொல்லிவிட்டேன்.

அவள் தோல் உரிப்பதை நிறுத்தவில்லை.
கிரீஸா? என்றாள், கொஞ்சம் கழித்து.
எடை மிஞ்சியது, ராய்மோ.
பேட்டரியில் ஒரு செல்லை நான்தான் கழற்றினேன்.
நூற்றிருபது கிராம்.
நீ இல்லாத நேரமாகப் பார்த்து.

எது என்று
கடலடியில் போய்த்தான் கேட்க வேண்டும்.
எழுந்து போய்க் கீலைக் கட்டைவிரலால் தட்டினாள்.
விரிந்தது.
மடக்கித் தட்டினாள், விரிந்தது.
கொடி மட்டும் ஆடியது.

மேலே இப்போதும் எரிந்துகொண்டுதான் இருக்கும்,
இந்த வெளிச்சத்தில் தெரியாது, என்றாள்.
பிறகு கொசுவை அடித்துவிட்டு,
பையிருந்தால் கொடு,
இந்த வருடம் தாறுமாறாய்க் காய்த்துவிட்டது.